வலப்பக்க ஜிப்

போப்ராட் ரயில் நிலையத்துக்கு எதிரே
பிளாஜெயின் கடை.
கயிறு, பனிக்கோடரி, உருகிய மெழுகின் வாசனை.
எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டான்.
"எத்தனை டிகிரிக்கு?" என்பான்.

உறக்கப்பையின் ஓரத்தில் தைத்த சீட்டில்
மூன்று எண்கள்.
முதல் எண்ணில் ஒருத்தி சுகமாகத் தூங்குவாளாம்.
இரண்டாவதில் ஒருவன் சுருண்டு படுத்துச் சமாளிப்பானாம்.
மூன்றாவதில் அந்த ஒருத்தி
ஆறு மணி நேரம் சாகாமல் கிடப்பாளாம்.

"யார் இவள்?"
"பொம்மை. உள்ளே சூடேற்றி,
குளிரறையில் கிடத்தி அளப்பார்கள்."
"அவளுக்கு மாதவிடாய் உண்டா?
காய்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று
ஆயிரத்து இருநூறு மீட்டர் ஏறி வந்து
ஈரக் காலுறையோடு படுத்தவளா?"
பிளாஜெய் மூக்கைச் சொறிந்தான்.
"முதல் எண்ணை மட்டும் பார்.
அதையும் முழுசாக நம்பாதே."

தூவியா, செயற்கைப் பஞ்சா?
தூவி கையில் எடுத்தால் எடையே தெரியாது,
நனைந்தால் மட்டும்
கோபித்துக்கொண்டு மூலைக்கு மூலை ஒதுங்கிவிடும்.
பஞ்சு கனக்கும். நனைந்தாலும் கூட இருக்கும்.
மூன்று இரவு வெட்டவெளியில் என்றால்
பனியைவிட மூச்சுதான் எதிரி.
முதல் இரவு விட்ட மூச்சு
மூன்றாம் இரவு
மார்மேல் தகடாக உறைந்திருக்கும்.
தூவியே போதும் என்றேன்.
முதுகில் சுமப்பது நான்தானே.

"தரையில் விரித்துப் படுத்துப் பார்."
காலணி கழற்றி உள்ளே நுழைந்தேன்.
கழுத்துக் கயிற்றை இழுத்தேன்.
மூக்கு மட்டும் வெளியே.
கடைக்கு வந்தவர்கள்
நாய்க்குட்டியைத் தாண்டுவதுபோல் என்னைத் தாண்டினார்கள்.

கால்மாட்டில் ஒரு சாண் இடம் மிச்சம் வேண்டும்:
பூட்ஸின் உள்ளுறைகளுக்கு, வெந்நீர்ப் புட்டிக்கு,
எரிவாயு உருளைக்கு, விளக்கின் பேட்டரிக்கு.
உறையக்கூடாததெல்லாம் என்னோடுதான் படுக்கும்.
ராடோவனும் கொஞ்ச காலம்
அந்தப் பட்டியலில் இருந்தான்.

அவன் பைக்கு வலப்பக்கம் ஜிப்.
தள்ளுபடியில் அதுதான் கிடைத்தது.
இரண்டையும் ஒன்றாகக் கோக்கவேண்டும் என்று
நான் இடப்பக்கம் வாங்கினேன்.
நான் இடக்கைக்காரி.
ஒன்பது குளிர்காலம்,
ஒண்ணுக்குப் போக எழும் ஒவ்வொரு இரவும்
முழங்கை மடங்க இடமின்றி
விலாவோரம் விரல்கள் துழாவும்.
அவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

கோத்த பைகளில் சூடு இரட்டிக்கும் என்று
யாரும் எங்களிடம் சொல்லவில்லை,
நாங்களே சொல்லிக்கொண்டோம்.
இரண்டு தோள்களுக்கு நடுவே ஒரு பள்ளம் விழும்.
மெங்குசோவ் பள்ளத்தாக்கின் தலைமாட்டில்
ஒரு பிப்ரவரி இரவு
அதற்குள் காற்று வாய்க்கால்போல் இறங்கியது.
என் தொப்பியை வைத்து அடைத்தேன்.
அவன் கையுறையை வைத்தான்.
விடியும்வரை
யார் நகர்ந்தது என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தோம்.
சண்டை என்று சொல்ல முடியாது.

"இடப்பக்கம்தானே, வழக்கம்போல?
கையிருப்பு அதுதான். இருபது யூரோ குறைக்கிறேன்,"
மேலே எங்கோ பிளாஜெயின் குரல்.
"வலம்," என்றேன் தொப்பிக்குள்ளிருந்து.
"என்னது?"
"வலப்பக்க ஜிப்."
"அதற்கு ஆர்டர் போடணும். மூன்று வாரம்.
ஜனவரி போய்விடும்."
"மார்ச்சிலும் பனி இருக்கும்."

பேனா மூடி திறக்கும் சத்தம்.
நீளம் எழுதினான், டிகிரி எழுதினான்,
எண்ணிக்கை என்ற கட்டத்தில்
கொஞ்சம் நின்று
கேட்காமலே ஒன்று என்று போட்டான்.

எழுந்திருக்கப் பார்த்தேன்.
ஜிப் துணியைக் கடித்துக்கொண்டது.
அவன் குனிந்தான்.
"இரு, வருகிறேன்," என்றேன்.
வெளிச்சம் இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை.
ஒவ்வொரு பல்லாகப் பின்னுக்கு இழுத்தேன்.
யாரோ ஒரு பையன் என் கால்களைத் தாண்டிப்போய்
பனிச்சறுக்கு மெழுகு என்ன விலை என்றான்.